26-ஆம் தேதி வந்து சேரும் குடில்

மதுரையில் இருந்துகொண்டு இணையத்தில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை விற்கிறேன். மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, சம்மனசு, மூன்று ராசாக்கள், இடையர்கள், மாடு, கழுதை, ஆடுகள், ஒட்டகம். எல்லாம் மண். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் அச்சில் எடுத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசித் தருகிற பொம்மைகள். படம் எடுத்துத் தளத்தில் ஏற்றுவது, ஆர்டர் வாங்குவது, உடையாமல் கட்டி அனுப்புவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, வராவிட்டால் கேட்டு அலைவது, இவை என் வேலை. கேட்கிறவர்களுக்கு இது வீட்டிலிருந்தபடியே பார்க்கிற சுலபமான தொழில். ஆடி பிறந்ததிலிருந்து மார்கழி வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

பண்டிகைக் காலத்துக்கு இணையக் கடையை எப்படித் தயார்செய்வது என்று வகுப்பு எடுக்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். முகப்புப் படத்தை மாற்று, தள்ளுபடி அறிவி, டெலிவரியை இலவசமாக்கு, திருப்பி அனுப்புவதைச் சுலபமாக்கு, அக்டோபரிலேயே விளம்பரத்தைத் தொடங்கு, சரக்கைக் கூடுதலாக வாங்கி வை. எல்லாம் சரியான ஆலோசனைகளாகவே இருக்கட்டும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவு யார் தலையில் விடிகிறது என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. தளம் நடத்துகிறவருக்குக் கமிஷன் வந்துவிடுகிறது. விளம்பரம் போடுகிறவர் முதலிலேயே காசை எடுத்துக்கொள்கிறார். கூரியர்காரர் போகும்போதும் வாங்குகிறார், பொட்டலம் திரும்பி வரும்போதும் வாங்குகிறார். மழை பெய்தாலும், வாங்கியவர் மனசு மாறினாலும், லாரி தாமதமானாலும் நஷ்டம் மட்டும் வழி தவறாமல் பொம்மை விற்றவர் வீட்டுக்கும், அங்கிருந்து பொம்மை செய்தவர் வீட்டுக்கும் வந்து சேர்கிறது. என் ஆதங்கமெல்லாம் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூளை ஒன்று, கேட்கிற சாமிகள் பல. ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல் விளக்கு. 2025-இல் விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27, திருக்கார்த்திகை டிசம்பர் 3. இரண்டுக்கும் நடுவில் நவராத்திரி. இந்த வேலைகளுக்கு இடையில்தான் குடில் செட்டும் வார்க்கப்பட வேண்டும். அதனால் ஆடி மாதத்திலேயே விளாச்சேரிக்குப் போய், எத்தனை செட், எந்த அளவு, எந்த வண்ணம் என்று சொல்லி முன்பணம் கொடுத்தால்தான் கார்த்திகைக்குள் பொம்மை கைக்கு வரும். ஆடியில் கொடுக்கிற பணம் எங்கள் கையில் இருக்கிற பணம் அல்ல. நகை அடகுக் கடைக்குப் போகிறது. வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கிறது. அந்தப் பணம் தை மாதத்துக்கு முன்னால் திரும்பாது. கூடுதலாகச் சரக்கு வாங்கி வை என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியுமா?

பிறகு மழை. தமிழ்நாட்டுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது பச்சை மண் பொம்மை காய வேண்டிய அதே மாதங்களில். அச்சில் எடுத்த பொம்மை முதலில் நிழலில் ஆற வேண்டும், பிறகு வெயில் காண வேண்டும். ஈரம் உள்ளே நின்றுவிட்டால் சூளையில் வெடித்துவிடும். வானம் நாள்கணக்கில் மூடியிருந்தால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் போய் நின்று அவசரப்படுத்தும்போது அங்கே பெரியவர் ஒருவர் சொல்வார்: “மண்ணு காயணும் தாயி. நீ சொன்னாலும் காயாது, நான் சொன்னாலும் காயாது.” அவர் சொல்வது நியாயம். ஆனால் தளத்தில் நான் குறித்த தேதிக்குள் பொருளை ஒப்படைக்காவிட்டால் ‘தாமதமாக அனுப்பும் விற்பனையாளர்’ என்று என் பெயருக்கு மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் குறைந்தால் தேடுகிறவர்கள் கண்ணில் என் கடை படாது. பருவம் முழுக்கச் சேர்த்த நல்ல பெயர் ஒரு வார மழையில் போய்விடுகிறது. எனக்குப் பதிலாக மேலே வந்து நிற்பது அச்சில் ஊற்றி எடுத்த ரெசின் பொம்மை. அதற்கு வெயிலும் வேண்டாம், மழையும் ஒன்றும் செய்யாது.

வாங்குகிறவர்களின் காலண்டர் இன்னொரு பக்கம் ஓடுகிறது. குடில் வைக்கிற வீடுகளில் டிசம்பர் முதல் வாரத்திலேயே வேலை தொடங்கிவிடும். வாசலில் நட்சத்திரம் ஏறிவிடும். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு 2025-இல் நவம்பர் 30. அன்றைக்கே புல் விதைத்து முளைக்க வைக்கிற வீடுகள் இருக்கின்றன. டிசம்பர் 24-ஆம் தேதி ராத்திரி பூசை முடிந்து வந்து குழந்தை இயேசு சுரூபத்தை வைக்கோலில் கிடத்தும்போது அந்தப் புல் பச்சையாக நிற்க வேண்டும். ஆக, குடில் பொம்மை நவம்பர் கடைசிக்குள் வீட்டில் இருக்க வேண்டிய பொருள். இது பெரிய தளங்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தீபாவளியோடு ஒரு மூச்சு முடிகிறது. நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் இருந்து வந்த தள்ளுபடித் திருவிழா. கிறிஸ்துமஸ் விளம்பரம் பெரிதாக ஏறுவது டிசம்பர் நடுவில். அதைப் பார்த்த பிறகுதான் பலருக்குக் குடில் ஞாபகம் வருகிறது. என் ஆர்டர்களில் பெரும்பகுதி வந்து குவிவது அந்த வாரத்தில்தான். “அக்கா, இருபத்து மூணாம் தேதிக்குள்ள கண்டிப்பா வந்துடும்ல?” என்று கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. காலையில் கேட்ட செல்போன் உறை மாலையில் வந்து நிற்கிற காலம் இது. பெரு நகரம் ஒவ்வொன்றிலும் கிடங்கு வைத்திருக்கிற நிறுவனம் அப்படித் தரலாம். மதுரையில் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்து கிளம்புகிற மண் ஒட்டகம், திருவள்ளூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ அந்த வேகத்தில் போகாது. போனால் கால் இருக்காது.

கட்டி அனுப்புவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. கூரியரில் இரண்டு எடை உண்டு. ஒன்று தராசில் நிற்கிற எடை. இன்னொன்று பெட்டியின் அளவை வைத்துப் போடுகிற கணக்கு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலான கூரியர்களில் 5000-ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பொம்மையோடு மூங்கில் தப்பையும் பனையோலையும் வைத்துக் கட்டிய குடில் வீடும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடிலுக்கு 45, 35, 30 என்று ஒரு பெட்டி. பெருக்கினால் 47,250. வகுத்தால் 9.45. தராசில் இரண்டு கிலோகூட நிற்காத ஓலைக் குடிலுக்கு ஒன்பதரைக் கிலோவுக்குக் காசு கேட்பார்கள். பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அந்தக் காற்றுக்கு நான் கட்டுகிற கூலி குடிலின் விலையைத் தாண்டும். பெட்டியைச் சுருக்கினால் ஓலை நசுங்கும். மண் பொம்மைக்கோ பெட்டியைச் சுருக்கவே முடியாது. ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் தடுப்பு வைத்து, அதை ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, நடுவில் நாலு பக்கமும் மெத்தை கொடுக்க வேண்டும். பாதுகாப்பு கூடக் கூட அளவு கூடும், அளவு கூடக் கூடக் கட்டணம் கூடும். ‘உடையும் பொருள்’ என்று சிவப்பில் ஒட்டுகிற சீட்டைப் படித்துப் பார்த்துத் தூக்கிவைக்கிற கைக்கு எந்த நிறுவனமும் கூடுதல் கூலி கொடுப்பதில்லை. அந்தப் பையன்களும் நாள் முழுக்க எண்ணிக்கைக்கு ஓடுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தச் செலவையெல்லாம் பொம்மை விலையில் ஏற்றினால், “இவ்வளவா?” என்று கேட்டுவிட்டு ரெசின் செட்டுக்குப் போகிறார்கள். தனியாக டெலிவரி கட்டணம் என்று போட்டால் கடைசிப் பக்கம் வரை வந்து கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் ‘டெலிவரி இலவசம்’ என்று எழுதச் சொல்கிறார்கள் வகுப்பு எடுக்கிறவர்கள். இலவசம் என்று எழுதிய அன்றைக்கு விளாச்சேரியில் பேசிய கூலியில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மாதா சுரூபத்தின் முகத்துக்குக் கண் எழுதுகிற பெண், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு முடித் தூரிகையால் எழுதுகிறார். அந்தக் கண்ணுக்கு அவர் வாங்குகிற காசு மிகக் குறைவு. அதிலிருந்து பிடுங்கித்தான் அடுத்தவருக்கு டெலிவரி இலவசம் என்றால் அந்த வார்த்தையை என் தளத்தில் எழுத மாட்டேன் என்று நிறுத்திவிட்டேன். விற்பனை குறைந்தது. குறையட்டும்.

மிகப் பெரிய வேதனை, பொருள் வந்தபின் பணம் என்கிற ஏற்பாடு. கேஷ் ஆன் டெலிவரி. இணையத்தில் பணம் கட்டப் பயந்த காலத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. இன்று டீக்கடையிலும் யூ.பி.ஐ. அட்டை ஒட்டியிருக்கிறது. 2020 ஜனவரியில் இருந்து யூ.பி.ஐ. வழியாக வாங்குகிற பணத்துக்குக் கடைக்காரரிடம் எம்.டி.ஆர். என்ற கட்டணம்கூட எடுப்பதில்லை. ஆனாலும் பொம்மை ஆர்டர்களில் பாதிப் பேர் பொருள் வந்தபின் பணம் என்றுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார், முகவரி தெரியவில்லை. இப்படித் திரும்புவதை இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ‘ஆர்.டி.ஓ.’ என்பார்கள். அந்த மூன்று எழுத்து செல்போனில் வந்தாலே வயிறு கலங்கும். போன கட்டணமும் என்னுடையது, வந்த கட்டணமும் என்னுடையது, பணத்தை வசூலித்துத் தருவதற்கென்று கேட்கிற தனிக் கட்டணமும் என்னுடையது. பொருளை வாங்காமல் கதவைச் சாத்தியவருக்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

சட்டையோ புத்தகமோ என்றால் திரும்பி வந்ததை மறுநாள் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். குடில் பொம்மை டிசம்பர் 20-இல் கிளம்பி, வாசலில் மறுக்கப்பட்டு, 29-ஆம் தேதி என் வீட்டுக்குத் திரும்பினால், அதற்கு அடுத்த வாங்குநர் பதினொரு மாதம் கழித்துத்தான் வருவார். அதுவரை அது பரணில் கிடக்கும். அடகு நகையும் கிடக்கும். இன்னொரு பக்கத்தையும் நினைக்க வேண்டும். அந்தச் செட்டுக்காக நான் இருப்பு முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டவர்கள் இருக்கிறார்கள். உண்மையாகவே வேண்டும் என்று கேட்டவருக்குக் கிடைக்காமல், சும்மா அழுத்திப் பார்த்தவர் வாசல் வரை போய்த் திரும்புகிறது.

ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து செட் முழுவதும் திரும்பி வந்தது. காரணம் என்று எழுதியிருந்தது: ஒட்டகத்தின் காது. ஒரு காதின் நுனியில் வண்ணம் பெயர்ந்திருந்தது. செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் வேறு ஒட்டகத்தை மறுநாளே என் செலவில் அனுப்பியிருப்பேன். தளத்தில் அப்படிக் கேட்பதற்கு இடமே வைக்கவில்லை. ‘பழுது’ என்று ஒரு பொத்தான், ‘திருப்பி எடுத்துக்கொள்’ என்று ஒரு பொத்தான். செட்டில் பன்னிரண்டு உருவம் இருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பது அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. திரும்பி வந்த வழியில், நன்றாக இருந்த மூன்று ராசாக்களில் இரண்டு பேர் உடைந்திருந்தார்கள். வாங்கியவர் அவசரத்தில் பிரித்த மாதிரியே பெட்டியில் போட்டு மூடிக் கொடுத்துவிட்டார். தடுப்பும் மெத்தையும் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. சுலபமாகத் திருப்பி அனுப்பலாம் என்ற வசதி எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஓட்டாஞ்சல்லிகளைத்தான்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் ஒரு கடை போட்டு விற்றால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை. சந்தைத் தளத்தின் வழியாக வெளி மாநிலத்துக்கு ஒரே ஒரு செட் விற்றாலும் பதிவு கட்டாயம். மாநிலத்துக்குள் விற்கிற சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் சலுகை வந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கேரளமும் கோவாவும் பெங்களூருவும் குடில் வைக்காத ஊர்களா? விளாச்சேரிப் பொம்மை செய்கிற ஒருவர் தானே நேராகத் தளத்தில் ஏறி வெளியூருக்கு விற்கலாம் என்று ஆசைப்பட்டால், தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய ஒரு ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவருக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் நடுவில் நான் இருக்கிறேன். நான் இல்லாமலே அவர் விற்க முடிந்தால் அதுதான் நல்லது என்று மனதாரச் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஆர்டர் வந்தால் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வருகிறது. டொராண்டோவில் இருந்து, பாரிஸில் இருந்து, சிங்கப்பூரில் இருந்து கேட்பார்கள். தன் பிள்ளைகள் ஊர் மண்ணில் செய்த குடிலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்தால் எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். பொம்மைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொதிந்து அனுப்புவது வைக்கோலில். ஆஸ்திரேலியா வைக்கோலை உள்ளே விடாது. தாவரப் பொருள், பூச்சி வரும் என்பது அவர்கள் நியாயம். ஓலைக் குடிலை அனுப்புவதும் அதே காரணத்தால் சிரமம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல், 22 யூரோவுக்கு உட்பட்ட சிறு பொட்டலத்துக்கு இருந்த வரிவிலக்கும் போய்விட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 2025-இல் அமெரிக்காவில் இருந்து விழுந்தது. 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த பொட்டலங்களுக்கு ஆகஸ்ட் 29 முதல் விலக்கு இல்லை என்று அந்த நாடு அறிவித்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25-இல் அமெரிக்க அஞ்சல்களை நிறுத்திவைத்தது. அக்டோபர் 15-இல் மறுபடியும் தொடங்கியது. அறிவித்த விலையில் 50 சதவீதம் வரி, அதை இங்கேயே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு.

அந்த இடைவெளி எப்பேர்ப்பட்ட நேரத்தில் வந்தது என்று பாருங்கள். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் ஆர்டர்களுக்கு விலை சொல்ல வேண்டிய மாதங்கள் ஆகஸ்டும் செப்டம்பரும். அப்போது கேட்டவர்களுக்கு என்ன விலை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வழி திறந்தபோது அவர்களில் பலர் மனம் மாறியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் விலையில் பாதிக்கு ஒரு வரியா என்று கேட்டார்கள். ஆடியில் முன்பணம் கொடுத்து வார்த்த பெரிய அளவுப் பொம்மைகள் அட்டைப்பெட்டியில் அப்படியே நின்றன. வாஷிங்டனில் எடுக்கிற முடிவுக்கும் விளாச்சேரிச் சூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தம் இதுதான்.

உள்நாட்டிலும் அதே வருஷம் ஒரு வழி அடைபட்டது. பதிவு அஞ்சல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டது. சிறு பொருள் அனுப்புகிறவர்களுக்கு, அவசரம் இல்லாவிட்டால் நம்பிக்கையாக அனுப்பலாம் என்று இருந்த ஒரு வழி அது. தனிக் குழந்தை இயேசு சுரூபம், தனி நட்சத்திரம் என்று கையளவு பொருள் கேட்கிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது. வேகம் நல்லதுதான். எல்லோருக்கும் வேகம் வேண்டியிருக்கவில்லை. நவம்பர் முதல் வாரம் கேட்கிறவருக்குப் பத்து நாளில் போனால் போதும்.

இவ்வளவையும் தாண்டி நேரத்துக்கு அனுப்பிவிட்டாலும் மழையிடம் தப்ப முடியாது. 2023 டிசம்பர் முதல் வாரம் சென்னையை மிக்ஜாம் புயல் முடக்கியது. அந்த வெள்ளம் வடிவதற்குள் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை எவருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றது. தாமிரபரணி கரை புரண்டது. மனிதர்கள் வீடிழந்து நின்ற நேரத்தில் பொம்மைப் பொட்டலத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்று அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்கள்தான் குடில் பொம்மைக்கு எனக்கு இருக்கிற பெரிய சந்தை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அங்கே போக வேண்டிய பொட்டலங்கள் வழியில் எங்கெங்கோ நின்றன. வாங்கியவர்கள் ஒருவர்கூடக் கோபப்படவில்லை. “உயிரோட இருக்கோம்மா, அது போதும்” என்று ஒரு அம்மா சொன்னார். ஆனால் ஜனவரியில் கூரியரில் இருந்து கணக்குச் சீட்டு வந்தது. அந்தப் பொட்டலங்கள் எல்லாவற்றுக்கும் போன கட்டணம், திரும்பிய கட்டணம் இரண்டும் போட்டிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் ‘பெறுநர் கிடைக்கவில்லை’ என்று அச்சடித்திருந்தது. வீடு தண்ணீரில் நிற்கிற மனிதர் எப்படிக் கிடைப்பார்? வெள்ளம் என்று எழுதுவதற்கு அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. பேசிப் பேசிப் பார்த்தேன். ‘சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் வருது’ என்பதற்கு மேல் பதில் இல்லை. கட்டினேன்.

அடுத்த வருஷம் நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அதற்கடுத்த வருஷம் நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைச் சிதைத்துவிட்டு இந்தக் கரைக்கு மழை கொண்டுவந்தது. அதாவது, நவம்பர் கடைசியும் டிசம்பரும் இங்கே புயல் காலம். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி அல்ல. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கிளை வைத்து நடத்துகிற கூரியர் நிறுவனங்களும், இந்த ஊர்க்காரர்களை நம்பி விற்கிற தளங்களும், புயல் எச்சரிக்கை வந்த மாவட்டத்துக்குப் போகிற பொட்டலத்தை எப்படிக் கணக்கில் எழுதுவது என்று ஒரு விதி போட்டு வைத்திருக்கக் கூடாதா? தாமதமானால் விற்பவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு விதி இருக்கிறது. அதை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு இந்தத் தொழிலை ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். இணையம் வந்ததால்தான் விளாச்சேரிக் குடில் கோஹிமாவுக்குப் போயிருக்கிறது. முன்பெல்லாம் ஊருக்கு வருகிற மொத்த வியாபாரி சொன்னதுதான் விலை. இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் தங்கள் பொம்மை என்ன விலைக்குப் போகிறது என்று தாங்களே பார்க்கிறார்கள். அடுத்த வருஷம் கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டும். பிள்ளையாரும் சரஸ்வதியும் வார்க்கிற அதே கைதான் மாதாவையும் சூசையப்பரையும் வார்க்கிறது. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் தொடங்கிவைத்ததாகச் சொல்கிற ஒரு வழக்கத்துக்கு, எண்ணூறு வருஷம் கழித்து மதுரைக் கண்மாய் மண்ணில் வடிவம் கிடைக்கிறது. அது நிற்கக் கூடாது. கைவிட முடியாததால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

தளம் நடத்துகிறவர்களிடமும் கூரியர் நிறுவனங்களிடமும் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. குறித்த தேதிக்குள் நான் ஒப்படைத்த பொருள் உங்கள் வழியில் தாமதமானால், அதன் திரும்பு கட்டணத்தை என்னிடம் கேட்காதீர்கள். புயலும் வெள்ளமும் வந்த ஊருக்குப் போன பொட்டலத்தைப் ‘பெறுநர் கிடைக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். உடையும் பொருளுக்கும், ஒரே பருவத்தில் மட்டும் விற்கிற பொருளுக்கும் பொருள் வந்தபின் பணம் என்ற வசதியை மூடிவைக்க விற்பவருக்கு உரிமை கொடுங்கள். செட்டில் ஒன்று பழுது என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதற்கு ஒரு பொத்தான் வையுங்கள். அரசிடம் கேட்பது இன்னும் எளிது: மாநிலத்துக்குள் விற்கக் கொடுத்த அதே சலுகையை, கையால் செய்த பொருளைத் தளங்கள் வழியாக வெளி மாநிலத்துக்கு விற்கிற சிறு கைவினைஞருக்கும் கொடுங்கள்.

வாங்குகிற உங்களிடமும் ஒரு வார்த்தை. குடில் வேண்டும் என்றால் நவம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பணத்தை முன்னதாகவே கட்டிவிடுங்கள். மனசு மாறினால் பொட்டலம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். ஒட்டகத்தின் காது உடைந்து வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்; வேறு ஒட்டகம் வரும். இவற்றில் எதுவும் முடியவில்லை, டிசம்பர் 20 ஆகிவிட்டது என்றால், தயவுசெய்து என்னிடம் ஆர்டர் போடாதீர்கள். உங்கள் ஊர்க் கோயில் வாசலிலும் கடைத்தெருவிலும் யாராவது மண் பொம்மை விற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.